வீட்டுக்கு ஒரு முழம் வலை

நயா பைசா வந்த வருஷத்தில்தான் அந்தக் காய்ச்சலும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால், காசுதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று எங்கள் ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். புதுக் காசை வாங்கியதும் தண்ணீரில் அலசிவிட்டு முந்தானையில் முடிந்தவர்கள் உண்டு. நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் சந்தேகம் தீர்க்க என்னிடம் வருவார்கள். ஓரணாவுக்கு ஆறு பைசா என்றால் நாலணாவுக்கு இருபத்திநாலுதானே, எப்படி இருபத்தைந்து ஆயிற்று என்று கேட்பார்கள். எனக்கே அது சரியாக விளங்கவில்லை. வாத்தியாருக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? சர்க்கார் ஒரு பைசா கூடப் போட்டுக் கொடுக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி முப்பது வீடு எங்கள் ஊர். எல்லாம் கடல் பிழைப்பு. அதில் படித்து, சட்டை மாட்டிக்கொண்டு, மாசச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கடல் இன்றைக்குக் கொடுக்கும், நாளைக்குக் கையை விரிக்கும். சம்பளம் அப்படியில்லை, மாசம் பிறந்தால் வந்து நிற்கும் என்று அய்யாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அய்யா என்றால் என் அப்பா. அவர் வாதாட மாட்டார். வலை ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே "சரிப்பா" என்பார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு நக்கல் இருந்தது என்பது எனக்குப் புரிய நாளாயிற்று.

ஊருக்கு ஒரே கரைவலை. வீட்டுக்குப் பத்துப் பாகம் வலை போட வேண்டும். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். முப்பது வீட்டுத் துண்டையும் வரிசையாக முடிந்து, நடுவில் மீன் வந்து சேருகிற மடியைக் கட்டி, படகில் ஏற்றிப்போய்க் கடலில் அரைவட்டமாக இறக்குவார்கள். பிறகு இரண்டு முனைக் கயிற்றையும் பிடித்துக் கரைக்கு இழுப்பார்கள். வலையில் துண்டு இருக்கிற வீட்டுக்கு மீனில் பங்கு உண்டு. துண்டு இல்லாத வீட்டுக்குப் பங்கு இல்லை. அடுப்பு எரிவதும், பிள்ளைக்குக் கல்யாணம் ஆவதும் இந்தப் பத்துப் பாகத்தை நம்பித்தான்.

அப்போது வலையெல்லாம் பருத்தி நூல். இழுத்து முடித்ததும் முடிச்சை அவிழ்த்து, அவரவர் துண்டை அவரவர் மணலில் விரித்துக் காயப்போட வேண்டும். அவ்வப்போது ஆவாரம்பட்டையைக் காய்ச்சி அந்தச் சாற்றில் முக்கி எடுக்க வேண்டும். அப்படி முக்கி எடுத்த வலை கறுப்பேறி உறுதியாக நிற்கும். ஈரத்தோடு நாலைந்து நாள் குவியலாகக் கிடந்தால் போச்சு, நூல் உள்ளுக்குள்ளேயே சூடேறி மக்கிவிடும். பார்வைக்கு வலை மாதிரியேதான் இருக்கும். விரலை விட்டு இழுத்தால் கையோடு வந்துவிடும்.

காய்ச்சல் கிழக்கே எங்கேயோ தொடங்கிக் கப்பலேறி மெட்ராசில் இறங்கியதாகவும், ரயிலில் ஊர் ஊராகப் போவதாகவும் பேப்பரில் படித்திருந்தேன். நம்ம ஊருக்கு ரயில் கிடையாது, அதனால் பயமில்லை என்று வகுப்பில் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். ஆனி மாதம் நடுவில் அது நடந்தே வந்து சேர்ந்தது. ஒருநாள் காலையில் வழக்கம்போல வலை இழுத்தார்கள். மீனைப் பிரிக்கும்போதே மூன்று பேர் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பாதி ஊர் படுத்துவிட்டது. மறுநாள் மீதிப் பாதி.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அய்யாவும் என் மனைவியும் படுத்துவிட்டதால், நானே போய் எங்கள் துண்டை மணலில் விரித்தேன். பக்கத்திலேயே பக்கத்து வீட்டுக்காரரின் துண்டு ஈரக் குவியலாகக் கிடந்தது. அவரை நான் அண்ணன் என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். இரத்த உறவு இல்லை, சுவர் உறவு. அண்ணன்தான் முதலில் விழுந்தவர். மதினியும் மூன்று பிள்ளைகளும் வீட்டுக்குள் முனகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டிருந்தால் போதும். கால் மணி நேர வேலை. நான் அதைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் தாண்டினேன். அது நம்ம துண்டு இல்லையே என்று நினைத்தது எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் என்னையும் காய்ச்சல் சாய்த்தது.

பத்து நாள் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கடற்கரைக்குப் போனேன். வாழ்நாளில் அப்படி ஒரு கடலை நான் பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு பாய் இல்லை, ஒரு படகு இல்லை. கரையில் ஆள் தடமே இல்லை, நண்டுத் தடம்தான். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசுகிற காலத்தில் எங்கள் பக்கத்துக் கடல் குளம் மாதிரி கிடக்கும். அந்தக் குளத்தில், கணுக்கால் ஆழத்தில், சூடை மீன் கூட்டம் கூட்டமாக வந்து மேய்ந்துகொண்டிருந்தது. காலை வைத்தேன். விலகி வழி விட்டுவிட்டு மறுபடி கூடிக்கொண்டது. பயமே இல்லை அதற்கு. மனிதன் என்று ஒருவன் இருந்ததையே பத்து நாளில் கடல் மறந்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது காய்ச்சலின் மிச்சம் இல்லை, நிஜமாகவே மலைத்துப்போய் நின்றேன்.

மீன் காலடியில் இருந்தது, பிடிக்க வலை இல்லை. எங்கள் துண்டை விரித்துப் போட்டிருந்தும் உப்புக் காற்றிலும் ஆட்டுக் காலிலும் நாலு பாகம் வீணாகியிருந்தது. எல்லார் வீட்டிலும் அப்படிக் கொஞ்சம் கொஞ்சம் சேதம். மதினி வீட்டுத் துண்டு மட்டும் முழுசாகப் போய்விட்டது. அவள் அந்தக் குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். ஈரச் சாம்பல் மாதிரி கையில் வந்தது. அண்ணன் பிழைத்துவிட்டார், ஆனால் பத்து எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. ஐப்பசி பிறந்தால் வாடைக் காற்று எழும்பிவிடும், எங்கள் பக்கம் கரைவலை போட முடியாது. அதற்குள் வலையில் துண்டு சேர்க்காவிட்டால் அந்த வீட்டுக்குத் தை மாதம் வரை பங்கு இல்லை, பசிதான்.

என் சம்பளம் இருக்கிறதே என்று நான் மார்தட்டினேன். அது வரவில்லை. விசாரிக்க ராமநாதபுரம் போனேன். சம்பளப் பட்டியல் எழுதுகிறவர் படுத்திருந்தார். கையெழுத்துப் போடுகிறவரும் படுத்திருந்தார். ஒரு கையெழுத்துக்குக் காய்ச்சல் வந்தால் நாற்பது வாத்தியார் வீட்டில் உலை வைக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னேன். "சரிப்பா" என்றார்.

என் மனைவி காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். கழற்றச் சொன்னது நான் இல்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காது தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள். தோட்டை அடகு வைத்துவிட்டு ராமநாதபுரத்தில் நூல் விற்கிற பாயின் கடைக்குப் போனேன். அலமாரி காலியாக இருந்தது.

"நூலு வரத்து இல்ல தம்பி," என்றார் பாய். "மருதையில மில்லு பாதிதான் ஓடுது. ஆளு வந்தாத்தான ஓடும்? ஓடுற பாதிக்கும் பஞ்சு வந்து சேரல. பஞ்சு மூட்டை ஏத்துறவனும் படுத்துட்டான்."

"எப்ப வரும் பாய்?"

"அவுக எந்திரிச்சா வரும், இன்ஷா அல்லாஹ். உள்ள கடைசியா ரெண்டு கட்டு கெடக்கு. வெல கூடத்தான். எனக்கே கூடத்தான் வந்துச்சு."

இரண்டு கட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றேன். முகம் தெரியாத ஒரு மில்காரன் மதுரையில் இருமிக்கொண்டு படுத்திருக்கிறான். அவன் எழுந்திருக்காததால் எங்கள் ஊர் வலையில் ஓட்டை அடைபடவில்லை. எங்கள் வலை இறங்காததால் உள்நாட்டு ஊர்களுக்குக் கருவாடு போகவில்லை. கருவாடு போகாததால் அங்கேயிருந்து எங்களுக்கு வரகும் மிளகாயும் வரவில்லை. பூகோளம் கற்றுக்கொடுத்தவன் நான். சுவரில் தொங்கிய படத்தில் குச்சியை வைத்து இது மதுரை, இது கோயமுத்தூர் என்று காட்டியவன். அந்த ஊர்களெல்லாம் எங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்பது அந்தத் தெருவில் நிற்கும்போதுதான் உறைத்தது. பெரிய பிரமிப்பாக இருந்தது.

பிரமிப்பு வந்தால் புத்தியும் வந்துவிடுமா? நான் நூலோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்து மதினி வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, நூலு மிஞ்சுமா?"

"எங்களுக்கே பத்தாது மதினி."

மிஞ்சியிருக்காது, உண்மைதான். ஆனால் அவள் போனபிறகுதான் நான் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். என் மனைவி அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அய்யாவும் என் மனைவியும் நானும் உட்கார்ந்து நாலு பாகத்தையும் புதிதாகப் பின்னினோம். ஆவாரம்பட்டை வெட்டிக்கொண்டு வருகிறவர்களும் படுத்திருந்ததால் சாயம் ஏற்ற வழியில்லை. பழைய ஆறு பாகம் கறுப்பு, புதுசு நாலு பாகம் பளிச்சென்று வெள்ளை. ஊரிலேயே புது நூல் போட்ட வலை எங்களுடையதுதான். நான் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போன நடையை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆவணி பிறந்ததும் வலை இறக்கினார்கள். மதினியும் ஒரு துண்டைக் கொண்டுவந்து வரிசையில் முடிந்தாள். மக்கின வலையில் மிஞ்சியதைப் பனைநாரால் கோத்து, ஓட்டை பெரிதாக இருந்த இடத்தில் சேலையைக் கிழித்து முறுக்கிக் கட்டியிருந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி இருந்தார்கள். மூன்று பிள்ளைக்காரியிடம் உன் துண்டு ஆகாது என்று யார் வாயால் சொல்வது?

ஆண்களுக்குப் பாதித் தெம்புதான் இருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் கயிறு பிடிக்கிற வழக்கம் இல்லை. அன்றைக்குப் பிடித்தார்கள். மீன் பார்த்துச் சொல்வது அய்யாவின் வேலை. தண்ணீரின் நிறத்தை வைத்து அடியில் என்ன கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மேகத்தின் நிழல் கடலில் விழுந்த மாதிரி சூடைக் கூட்டம் கறுத்துக் கிடந்தது. மேலே மேகம் இல்லை. வலை அதைச் சுற்றி வளைத்தது, நாங்கள் இழுத்தோம், கயிறு கல்லாகக் கனத்தது. கரைக்கு இன்னும் இருபது பாகம் இருக்கும்போது திடீரென்று கயிறு லேசாகிப்போய்ப் பத்துப் பேர் பின்னால் விழுந்தோம். மதினியின் துண்டு மேலிருந்து கீழ்வரை திறந்துகொண்டது. அந்த ஒரு வாசல் வழியாக முப்பது வீட்டு மீனும் வெளியே போனது. வெள்ளி மாதிரி ஒரு ஆறு எங்கள் கண் முன்னாலேயே கடலுக்குத் திரும்பிப் போயிற்று. மடியில் ஒரு கூடை மீன்கூட இல்லை.

என் புதுத் துண்டில் ஒரு கண்ணிகூட அறவில்லை. அதனால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது.

"அந்தத் துண்டக் கழட்டிட்டு மிச்சத்தக் கட்டுங்க," என்று கத்தினேன். "பத்துப் பாகம் கொறஞ்சா ஒண்ணும் கெட்டுப்போகாது. ஒரு வீட்டுக்காக ஊரே பட்டினி கெடக்கணுமா?"

கணக்குப்படி நான் சொன்னது சரி. பாதிப்பேர் மனசிலும் அதுதான் இருந்தது. மதினி அழவில்லை. கிழிந்த துண்டின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்துவிட்டாள், நான் சொன்னதே சட்டம் என்பதுபோல. ஈர முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை.

என் மனைவி மீன் அறுக்கிற கத்தியோடு வந்தாள். முடிச்சை அறுத்துக் கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் மதினியைத் தாண்டி எங்கள் துண்டுக்கு வந்து உட்கார்ந்தாள். வெள்ளை வலையை முழங்கையால் ஒரு முழம் அளந்தாள். இன்னொரு முழம் அளந்தாள். அந்த இடத்தில் கத்தியை வைத்தாள்.

"ஏ, என்ன செய்யிற?" என்றேன்.

"என் தோடுதான? நான் அறுக்குறேன்."

"புதுசுடி அது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காதில் வேப்பங்குச்சி. குரலை உயர்த்தவில்லை, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "காச்ச வந்த அன்னைக்கு அந்தக் குவியலத் தாண்டித்தான வந்தீக? நான் படுத்துக்கெடந்தாலும் வாசலப் பாத்துத்தான் கெடந்தேன்."

ஒரு மாதத்துக்கு மேல் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கத்தி நூலை அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு முழ வெள்ளை வலையைச் சுருட்டி மதினியின் மடியில் போட்டாள்.

பிறகு நடந்ததை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அய்யா போய் மூன்றாவது வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்வார், அவர் இன்னொருவரிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கத்தி வந்தது, பிறகு இன்னொன்று. வீட்டுக்கு ஒரு முழம். நல்ல வலையில் கத்தி வைப்பது கடல்காரனுக்குத் தன் கையை அறுத்துக்கொள்கிற மாதிரி. காய்ச்சலில் ஆளைப் பறிகொடுத்த வீடு இரண்டு இருந்தன. அந்த வீட்டுக்காரர்களும் ஒரு முழம் அறுத்தார்கள். சாயந்திரத்துக்குள் முப்பது முழம் சேர்ந்துவிட்டது. நாலு முழம் ஒரு பாகம் என்பதால் பத்துப் பாகம் வரவில்லை, ஏழரைப் பாகம்தான். ஆனால் அதில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை இல்லை.

எல்லாத் துண்டையும் சேர்த்துப் பின்ன நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளில் மற்றவையும் ஒவ்வொன்றாக அசைய ஆரம்பித்தன. உள்நாட்டிலிருந்து முதல் மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரர் கன்னம் ஒட்டிப்போய் இருந்தார், வண்டியில் ஆவாரம்பட்டை இருந்தது. கருவாடு உண்டா என்று கேட்டார். இனிமேல்தான் என்றோம். பட்டையை இறக்கிவிட்டுப் போனார், காசு கேட்கவில்லை. பாய் நூல் வந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு மாசச் சம்பளம் சேர்ந்தாற்போல வந்தது, புதுக் காசாக. நாடு நிமிர்ந்துவிட்டது என்று பிறகு பேப்பரில் படித்தபோது, நான் அந்தக் கத்திச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். மதுரையிலும் கோயமுத்தூரிலும் யார் யார் தங்கள் துண்டில் எத்தனை முழம் அறுத்துக் கொடுத்தார்களோ, அது பேப்பரில் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை வலை இறக்கினோம். சூடை போயிருக்கும் என்று பயந்தோம். அய்யா மணலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். "ஏலே, அங்கன பாரு," என்றார். நிழல் அங்கேயே கிடந்தது.

நான் மதினிக்குப் பின்னால் கயிறு பிடித்தேன். அண்ணன் மூச்சு வாங்க, நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து கயிற்றின் வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கயிறு கனத்தது, இன்னும் கனத்தது. போன தடவை அறுந்த இடம் நெருங்கியது. எனக்குக் கயிற்றைப் பார்க்கப் பயம், தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டைச் சாறு ஏறிய கறுப்பு வலை மெல்ல மேலே வந்தது. அதன் நடுவில், மதினியின் துண்டில், என் மனைவி அறுத்துக் கொடுத்த இரண்டு முழம் மட்டும் தனியாகத் தெரிந்தது. புது நூல் என்பதால் சாயம் முழுசாகப் பிடிக்காமல் வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மீன் மோதியது. வலை வெளியே பிதுங்கியது, நூல் விறைத்தது, ஆனால் விடவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த ஊரார் முழங்களும் விடவில்லை. என்னையறியாமல் அழுதுகொண்டே இழுத்தேன்.

மீனைப் பங்கு வைக்கும்போது ஒருவர் மதினியைப் பார்த்து, துண்டு ஏழரைப் பாகம்தானே, பங்கு எப்படி என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை, வழக்கம் அப்படி. அய்யா முழுப் பங்கை அள்ளி மதினி கூடையில் போட்டார். என் மனைவி கூடையின் மறுகாதைப் பிடித்து அவள் தலைக்கு ஏற்றிவிட்டாள். போகிற வழியில் மதினி என்னிடம் நின்றாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னதும் ஞாயந்தான் தம்பி," என்றாள்.

குவியலைத் தாண்டிப்போனதை அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கார்த்திகையில் தோட்டை மீட்டுக்கொண்டு வந்து என் மனைவியின் கையில் கொடுத்தேன். அவள் காதிலிருந்து வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, தோட்டைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பக்கம் தலையை ஆட்டினாள். நான் எழுந்து போனேன். மதினி வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி," என்றாள். "சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். கூப்புடத்தான் சத்தம் வரல."